குதிரை தள்ளியது சரி, குழியைப் பறித்தது யார்?

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் பில் ராய்கிராஃப்ட் குதிரையோடு சேர்ந்து உருண்டு விழுந்தார். அவருக்கு அப்போது வயது 45. ஊரில் விவசாயி. ‘ஈவென்டிங்’ எனப்படும் கூட்டுப் போட்டியில், காடுமேடு தாண்டி ஓடும் கட்டத்தில் இது நடந்தது. காறையெலும்பு முறிந்தது, தலையிலும் அடி, நேரே மருத்துவமனை. அணியில் இன்னொருவரின் குதிரை நொண்டிவிட்டதால், ராய்கிராஃப்ட் வராவிட்டால் ஆஸ்திரேலிய அணி கணக்கிலேயே வராது என்ற நிலை. மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல் எழுந்து வந்தார். பிறர் தூக்கிவிட, ‘அவர் சோலோ’ (Our Solo) என்ற தன் குதிரையின் மேல் உட்கார்ந்து, தடை தாண்டும் சுற்றை ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் முடித்தார். அணிக்குத் தங்கம் கிடைத்தது.

அருமையான கதைதான். ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணி வகுப்பில் விழுந்த ஒருவருக்கு இது எதற்கு உதவும் என்று யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவர் முப்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டுக் குதிரையேற்றம் கற்க வந்தவர். நாலு மாதம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் வேலிக்கு அப்பால் யாரோ ஒரு தார்ப்பாயை உதறினார்கள். குதிரை பக்கவாட்டில் ஒரே தாவு. அவர் மண்ணில். எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் ஒரு ரத்தக்கட்டு, அவ்வளவுதான். ரத்தக்கட்டு பத்து நாளில் மஞ்சளாகி மறைந்துவிட்டது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவருக்கு ஆபீஸ் வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மழை வரும்போல் இருந்தது. மூன்றாவது வாரம் லாயத்துக்குப் போனார். சேணத்தின் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு பிசைந்தது.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம்மிடம் ஒரு சொலவடை உண்டு. துன்பத்தின்மேல் துன்பம் என்ற பொருளில் சொல்வோம். விழுந்தவர்களின் பயத்துக்கும் இது அச்சாகப் பொருந்துகிறது, ஒரு திருத்தத்தோடு. தள்ளுவது குதிரை, அதற்கு ஒரு நொடி போதும். குழி பறிபடுவது பின்னால் வரும் வாரங்களில். அதில் குதிரைக்குப் பங்கே கிடையாது.

உடனே ஏறலாமா?

விழுந்தவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “எழுந்து தட்டிவிட்டுட்டு உடனே ஏறுங்க. இல்லைன்னா அப்புறம் ஏறவே மாட்டீங்க.” இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தான பாதியை முதலில் பார்த்துவிடலாம்.

தலையில் அடிபட்டவருக்கு அது அந்த நேரத்தில் தெரியாது. மூளை அதிர்ச்சி கண்டவர்கள் எழுந்து நிற்பார்கள், சிரிப்பார்கள், “ஒண்ணுமில்லை” என்பார்கள். அரைமணி கழித்து அதே கேள்வியை மூன்றாம் தடவை கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது, முதல் ஒன்றிரண்டு நாள் அடங்கி இருந்துவிட்டுப் படிப்படியாகவே திரும்ப வேண்டும் என்பதில் விளையாட்டு மருத்துவர்களிடையே இன்று இரண்டு கருத்து இல்லை. போட்டி விதிகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ராய்கிராஃப்ட் காலத்தில் விழுந்தவர் மீண்டும் ஏறி ஓடலாம். இன்றைய ஈவென்டிங்கில் காடுமேட்டு ஓட்டத்தில் சவாரிக்காரர் விழுந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வேடிக்கையான முன்கதையும் உண்டு. 2002இல் சவுத்வெல் மைதானத்தில் நடந்த தடைதாண்டும் பந்தயம் ஒன்றில், ஓடிய குதிரைகள் எல்லாம் விழுந்தோ, மறுத்தோ, ஆளைத் தள்ளிவிட்டோ நின்றுவிட்டன. முன்பே விழுந்திருந்த ஜாக்கி டோனி மெக்காய், மற்றவர்கள் கதி தெரிந்ததும் தன் குதிரையில் மறுபடி ஏறி, ஆள் இல்லாத மைதானத்தில் முடித்து வென்றார். பந்தயம் பார்ப்பவர்களுக்கு இது கொண்டாட்டம். ஆனால் 2009இல் பிரிட்டிஷ் பந்தய ஆணையம் விழுந்தபின் மறுபடி ஏறி ஓடுவதையே தடை செய்துவிட்டது. குதிரைக்கும் ஆளுக்கும் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் ஏறுவது வீரமல்ல என்பது அந்த முடிவின் சாரம்.

ஹெல்மெட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயம் தெளிய வேண்டும் என்பவர்களில் பலர் பழைய ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அதன் உள்ளே இருப்பது கிட்டத்தட்டத் தெர்மாகோல் போன்ற ஒரு நுரை. அடியை அது நசுங்கித்தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி நிமிராது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே வேலை முடிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். அமெரிக்காவுக்காக 2008 ஒலிம்பிக்கில் சவாரி செய்த கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஒரு சாதாரணப் பயிற்சியின்போது விழுந்தார். தாண்டுவதற்குத் தடையுமில்லை, வேகமுமில்லை. குதிரை கால் தடுக்கி விழுந்தது. அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். அதற்குப் பிறகு தொடங்கிய இயக்கம் நீண்டு, குதிரையை நளினமாக நடத்திக் காட்டும், உயரத் தொப்பி அணியும் மரபுகொண்ட டிரெஸ்ஸாஜ் போட்டியிலும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

அடி எதுவும் இல்லை, தலை தெளிவாக இருக்கிறது, குதிரையும் அமைதியாகிவிட்டது என்றால் அப்போதே ஏறுவதில் நன்மை உண்டு. ஆனால் ஏறி ஐந்து நிமிடம் நடை மட்டும் போய்விட்டு இறங்கினால் போதும். விழுந்த அதே தாவலை அன்றைக்கே தாண்டிக் காட்டு என்று ஏற்றிவிடுவது, வாத்தியார் தன் மனசைத் தேற்றிக்கொள்ளச் செய்கிற காரியம்.

உடம்பு படித்துக்கொண்ட பாடம்

“பயப்படாதே” என்று சொன்னால் பயம் போகாததற்குக் காரணம், பயம் சொல்லைக் கேட்டு வரவில்லை என்பதுதான். உயிருக்கு ஆபத்து என்று உடம்பு கருதிய ஒரு நொடியை மூளை சாதாரண நினைவுபோல் அடுக்கி வைப்பதில்லை. அந்த நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நினைவை ஆழமாகப் பதித்துவிடுகின்றன. நூறு முறை ஒழுங்காக இறங்கிய நாட்கள் மங்கிப்போகும்; விழுந்த நாளின் தார்ப்பாய் நிறம் வரைக்கும் நினைவிருக்கும். இது கோளாறு அல்ல. ஒரே அனுபவத்தில் பாடம் படித்துக்கொள்ளாத முன்னோர்கள் நமக்கு முன்னோர்களாகவே ஆகியிருக்க மாட்டார்கள்.

சைக்கிளில் விழுந்தவருக்கும் இதே பாடம்தான். ஆனால் சைக்கிளுக்கு நம் பயம் தெரியாது. குதிரைக்குத் தெரியும்.

ஸ்வீடனில் லிண்டா கீலிங் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. சிலர் குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டோ, மேலே ஏறியோ ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். நான்கு தடவை. நான்காம் தடவை கிளம்புமுன், “இந்த முறை நீங்கள் கடக்கும்போது ஒரு குடை படக்கென்று விரியும்” என்று சொல்லப்பட்டது. குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது. அதோடு குடையைப் பற்றி எதுவுமே சொல்லப்படாத குதிரைகளின் துடிப்பும் ஏறியது. வராத குடைக்கு மனிதர் பயந்தார். மனிதருக்குக் குதிரை பயந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் விலங்கு அது. அறுபது, எழுபது கிலோ மனிதர் இறுகினால் தெரியாதா? பயந்தவரின் உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். குனிந்து சுருள்கிறது, கருவில் கிடக்கும் குழந்தை மாதிரி. முழங்கால் இரண்டும் இறுக்கிப் பிடிக்கின்றன. துணி கவ்வும் கிளிப்பைப்போல, இறுக்க இறுக்க அது ஆளை மேலே தள்ளுகிறதே தவிர கீழே உட்கார வைப்பதில்லை. குதிகால் மேலேறி விலாவில் படுகிறது. குதிரையின் பாஷையில் அதற்கு ‘போ’ என்று அர்த்தம். அதே நேரம் கை கடிவாள வாரைக் கெட்டியாக இழுக்கிறது. அதற்கு ‘நில்’ என்று அர்த்தம். மூச்சு நின்றுவிடுகிறது. கண் தரையைப் பார்க்கிறது, விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதுபோல.

போ என்றும் நில் என்றும் ஒரே சமயத்தில் கட்டளை வாங்கிய குதிரை தலையைத் தூக்கும், முதுகை இறுக்கும், குறுகிய அடி வைக்கும். அது தின்னும் விலங்கல்ல, தின்னப்படும் விலங்கு. மந்தையில் பக்கத்துக் குதிரை விறைத்தால் ‘எங்கே புலி?’ என்று தேடத் தெரிந்ததால்தான் அதன் இனம் பிழைத்தது. மேலே உட்கார்ந்திருப்பவர் விறைக்கிறார் என்றால் எங்கோ ஏதோ இருக்கிறது என்பதே அதன் முடிவு. அப்புறம் குருவி பறந்தாலும் தாவும். தாவினால் அவருக்குப் பயம் உறுதியாகும். பயம் விழுகையைக் கூப்பிட்டு வரும் சங்கிலி இதுதான். “குதிரை உன் பயத்தைத் தெரிந்துகொள்ளும், ஜாக்கிரதை” என்று புதியவர்களை மிரட்டுபவர்கள் சொல்லாமல் விடும் சேதி ஒன்று உண்டு: அதே வழியில் அது நம் நிதானத்தையும் தெரிந்துகொள்ளும். நீளமாக விட்ட ஒரு மூச்சு அதன் முதுகு வரை போகும்.

இனி அந்தக் குழி. மழை வரும்போல் இருந்ததால் வகுப்புக்குப் போகாத அந்த வாரத்தில், “இன்று போகவில்லை” என்று முடிவெடுத்த கணம் நம் ஆளின் வயிற்றிலிருந்து ஒரு கல் இறங்கியது. அந்த நிம்மதிதான் மண்வெட்டி. போகாமல் இருந்ததால் தப்பித்தோம் என்று உடம்பு கணக்கெழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை தவிர்ப்பது இன்னும் சுலபம். பயம் பொய் என்று காட்டக்கூடிய ஒரு சாதாரண, சலிப்பான, ஒன்றும் நடக்காத காலைப்பொழுது அவருக்குக் கிடைக்காமலே போகிறது. ‘உடனே ஏறு’ என்பதிலுள்ள பாதி உண்மை இதுதான்: அவசரம் ஏறுவதில் இல்லை, விலகி நிற்கும் காலத்தை நீளவிடாமல் இருப்பதில். ஏறாவிட்டாலும் லாயத்துக்குப் போகலாம். குதிரையைத் தேய்த்துவிடலாம், குளம்பில் அடைந்த மண்ணைச் சுரண்டலாம், கேரட் கொடுக்கலாம். அதுவும் கணக்கில் சேரும்.

விழுந்தது ஏன்?

தைரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கேட்க மறந்துபோகும் கேள்வி இது. எல்லாப் பயமும் போக்கப்பட வேண்டிய பயமல்ல. சில பயம் சரியான தகவல்.

சேணத்தின் வயிற்றுவார் தளர்ந்திருந்ததா? காலிடும் அங்கவடியின் நீளம் கூடுதலா? நாலு மாதம் பழகியவருக்கு, ஓடிக் களைக்காத இளங்குதிரையைக் கொடுத்தார்களா? அல்லது குதிரைக்கு வலியா? முதுகில் சரியாகப் பொருந்தாத சேணம், பல்லின் கூர்முனை, குடற்புண், மூட்டுவலி எல்லாம் குதிரையைத் துள்ளவைக்கும். ‘திமிர் பிடித்த குதிரை’ என்று பெயர் வாங்கிய பல குதிரைகள் வெறும் நோயாளிகள். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவர், சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னால் படியவைப்பது, வாயைத் திறப்பது, வாலை அடிக்கடி வீசுவது போன்றவை. அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் குதிரைக்கு எங்கோ வலிக்கிறது என்று சந்தேகிக்கலாம் என்பது அவர் கணக்கு. வலியில் இருக்கும் குதிரையின்மேல் உட்கார்ந்துகொண்டு மூச்சுப் பயிற்சி செய்வது வீண்வேலை.

அலெக்சாண்டர் சிறுவனாக இருந்தபோது புசெபலஸ் என்ற குதிரையை யாராலும் அடக்க முடியவில்லை என்ற கதையைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் அதன் முரட்டுத்தனத்தைப் பார்த்தார்கள். சிறுவன் அது தன் நிழலைப் பார்த்து மிரள்வதைப் பார்த்தான். வெயிலை நோக்கி முகத்தைத் திருப்பினான், நிழல் பின்னால் போய்விட்டது. நடந்ததோ இல்லையோ, கதையில் வரும் முதல் கேள்வி சரியான கேள்வி.

காரணம் கிடைத்துவிட்டால் பயம் ஒரு சுற்று குறையும். ‘குதிரை என்னைத் தள்ளிவிட்டது’ என்பதும், ‘தார்ப்பாய் சத்தத்தில் தாவியது, என் எடை அப்போது முன்னால் இருந்தது’ என்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு விவரிப்புகள். முதலாவதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் வேலை இருக்கிறது.

முயலும் பீட்டரும்

பயத்தைப் படிப்படியாகத் தணிப்பது பற்றி அறிவியலில் முதலில் நன்றாக எழுதப்பட்ட கதைகளுள் ஒன்று குதிரையைப் பற்றியதல்ல, முயலைப் பற்றியது. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனின் கதையை வெளியிட்டார். பீட்டருக்கு முயல் என்றால் நடுக்கம். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கூண்டுக்குள் முயலை அறையின் ஒரு மூலையில் வைத்தார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தாத தூரம் எதுவோ அந்தத் தூரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளும் அதே அறையில் விளையாடினார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிப்பதை பீட்டர் அனுமதித்தான்.

எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்தது. பாதி வழியில் பீட்டருக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு மாதம்போல் மருத்துவமனையில் இருந்தான். வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்து அவனை மிரட்டிவிட்டது. அவ்வளவுதான், முயல் பயம் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்; தின்பண்ட முறை சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

குதிரையேற்றத்துக்குத் திரும்புகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் சறுக்கல். ஆறு வாரம் நன்றாகப் போகும். ஏழாவது வாரம் வேறு மைதானம், அல்லது காற்று பலமாக வீசும் காலை. திடீரென்று கை நடுங்கும். ‘எல்லாம் வீண், நான் இதற்கு லாயக்கில்லை’ என்று தோன்றும். ஆனால் அது வீணாகவில்லை. பயம் தணிவது என்பது பழைய பதிவு அழிவதல்ல, அதன் பக்கத்தில் ‘இங்கே ஒன்றும் ஆகாது’ என்று இன்னொரு பதிவு எழுதப்படுவது என்று உளவியலாளர் மார்க் பூட்டன் போன்றவர்களின் எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இரண்டாவது பதிவில் ‘இங்கே’ என்ற சொல்தான் சிக்கல். ஒரு கூண்டில் பயம் தெளிந்த எலியை, முதலில் பயம் பிடித்த பழைய கூண்டில் விட்டால் மறுபடி உறைந்து நிற்கிறது. ஆகவே ஒரே மைதானத்தில், ஒரே குதிரையில், ஒரே வாத்தியாரின் குரலில் தெளிந்த தைரியம் அந்த மைதானத்துக்கு மட்டுமே சொந்தம். தெளிந்த பிறகு இடத்தை மாற்றி, நேரத்தை மாற்றி, குதிரையை மாற்றி மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறிவர வேண்டும். இரண்டாம் முறை வேகமாக ஏறலாம்.

நடைமுறையில் அந்தக் கீழ்ப்படி எது? பலருக்கு அது சேணமே அல்ல, தரை. குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது, நிறுத்துவது, ஓரடி பின்னால் போகவைப்பது. அரை டன் எடையுள்ள ஒன்று நம் தோள் திரும்பியதும் திரும்புகிறது என்பதை நின்ற இடத்தில் கண்டுகொள்வது சின்ன விஷயமல்ல. ஏறும் படிக்கட்டுப் பக்கத்தில் குதிரையை நிறுத்தி, அங்கவடியில் ஒரு கால் வைத்து எடை கொடுத்து, மறுபடி இறங்கிவிடுவது அடுத்தது. இப்படி ஏறாமல் இறங்கிய நாளைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளாதவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள்.

அதற்கப்புறம் லஞ்சிங். (லஞ்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) வாத்தியார் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். வேகமும் திசையும் அவர் பொறுப்பு. மேலே இருப்பவருக்கு உட்காருவது மட்டுமே வேலை. இது குழந்தைகளுக்கான பாடம் என்று வெட்கப்படுபவர்கள் வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலை நினைத்துக்கொள்ளலாம். நூற்றாண்டுகள் பழமையான அந்தப் பள்ளியில் சேரும் மாணவர்கள் அங்கவடியும் இல்லாமல், கடிவாள வாரும் கையில் இல்லாமல் மாதக்கணக்கில் கயிற்றுவட்டத்தில் சுற்றுகிறார்கள். குதிரைமேல் உட்காரும் மிகச் சிறந்த பாங்கு அந்த வட்டத்தில்தான் உருவாகிறது.

குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு சாதாரணத் தோல்வார் மாட்டிக்கொள்ளுங்கள். தாவினால் அதைப் பிடிக்கலாம், குதிரையின் வாய் வலிக்காது. பிடிக்கப்போவதே இல்லை என்றாலும் அது அங்கே இருப்பது விரல்களை இளக்கும். இன்னொன்று பாட்டு. சத்தமாகப் பாடிக்கொண்டே ஓட்டச் சொல்வார்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் பாடிக்கொண்டே மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. சுருதி சேர வேண்டியதில்லை. குதிரைகள் இந்த விஷயத்தில் நம் வீட்டார்களைவிடப் பெருந்தன்மையானவை.

அவசரமாக இறங்கும் பயிற்சியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து உதறி எடுத்து, முன்னால் சாய்ந்து, காலை வீசி, முழங்கால் மடித்துத் தரையில் குதிப்பது. முதலில் நின்ற குதிரையில், பிறகு நடையில். ‘விழாமல் இருப்பேன்’ என்று எந்தக் குதிரைக்காரராலும் தனக்குத்தானே சத்தியம் செய்ய முடியாது. ‘வேண்டும்போது இறங்கத் தெரியும்’ என்று சொல்லிக்கொள்ள முடியும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் ‘தன்னால் முடியும் என்ற நம்பிக்கை’ எங்கிருந்து வருகிறது என்று எழுதியபோது நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொன்ன ஊக்கச் சொல், தன் உடம்பின் நிலை. இவற்றில் முதலாவதுதான் மிக வலிமையானது. ஊக்கச் சொல் அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை. நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் அள்ளி வழங்கப்படுவதோ அந்தச் சொல்தான். “உங்களால முடியும் சார்” என்று பத்துத் தடவை கேட்பதைவிட, நடையிலிருந்து டிராட்டுக்கு (துள்ளு நடைக்கு) போய் எட்டு அடி துள்ளி, தானே நிறுத்திவிட்டு, நன்றாக இருக்கும்போதே இறங்கிவிடுவது மேல். நன்றாக இருக்கும்போது இறங்குவது பணம் கட்டியவருக்கு மனசுக்கு ஒப்பாது. கட்டிய நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருக்கும். களைத்த உடம்போடு அந்த இருபது நிமிடத்தைத் தீர்க்கப் போய்த்தான் பலர் இரண்டாம் முறை விழுகிறார்கள்.

பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒன்று விழுந்து எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறிவிடும். அதைப் பார்த்துப் பெரியவர்கள் குமைகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டுக் கடன் தவணை கிடையாது, கை முறிந்தால் பள்ளிக்கூட விடுமுறை லாபம். முப்பத்தைந்து வயதுப் பயத்துக்குள் மனைவி, பிள்ளை, லீவு, மருத்துவச் செலவு எல்லாம் அடங்கியிருக்கின்றன. அதைக் கோழைத்தனம் என்று சொல்லும் பயிற்சியாளரை மாற்றிவிடலாம். பல மாதம் கழித்தும் விழுந்த காட்சி தூக்கத்தில் எழுப்புகிறது, வண்டி ஓட்டும்போதும் படபடக்கிறது என்றால் அது பயிற்சியாளரின் கையில் தீரும் விஷயமல்ல, மனநல மருத்துவரிடம் போக வேண்டியது. மறுபடி ஏறாமலே இருந்துவிடுவதும் ஒரு முடிவுதான். லாயத்தில் குதிரைகளோடு வாழ்ந்து, சேணத்தில் உட்காராமலே நிறைவாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

சவாரிக்காரர் விழும்போது சில சமயம் குதிரையும் விழுகிறது. அதற்கும் பயம் பிடிக்கும். தடையில் காலிடறி உருண்ட குதிரை அடுத்த முறை அதே தடையின் முன் வந்து நின்றுவிடும். அதை என்ன செய்வார்கள் தெரியுமா? கிரேக்கத்தில் செனபோன் குதிரையேற்றம் பற்றி 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்: குதிரை மிரளும் பொருளை நீயே முதலில் தொட்டுக் காட்டு, பிறகு மெல்ல அதைப் பக்கத்தில் கொண்டு போ. அடித்துத் துரத்தினால், அந்த வலியும் அந்தப் பொருளிலிருந்தே வந்தது என்று நினைத்து இன்னும் பயப்படும். இன்றும் நல்ல பயிற்சியாளர்கள் செய்வது இதைத்தான். மிரண்ட குதிரையிடம் யாரும் “உன்னால முடியும்” என்று சொல்வதில்லை, “உடனே தாண்டு” என்று விரட்டுவதுமில்லை. தடையின் கட்டைகளை எல்லாம் கழற்றி, ஒன்றை மட்டும் மண்ணில் கிடத்துகிறார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடையில், அதன்மேல் கால் வைத்துக் கடக்க விடுகிறார்கள். கடந்ததும் பிடரியில் தட்டிக்கொடுத்து, அன்றைக்கு அதோடு லாயத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.